எழுதாத கதவு

பூட்டிய பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். எங்களோடு வேலை பார்த்த அந்த அம்மா, தான் இழுத்துப் பார்த்த பிறகு, பக்கத்தில் நிற்பவரையும் இழுத்துப் பார்க்கச் சொல்வார். பார்த்தாச்சு என்று வாயால் சொன்னால் போதாது. கை வைத்து இழுக்க வேண்டும், அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். நாமக்கல்லில் எங்கள் அலுவலகத்தின் இரும்புக் கேட்டை அப்படி எத்தனை நாள் இழுத்திருப்பேனோ தெரியாது. முதல் வாரமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பூட்டியதைச் சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பூட்டியதைத்தான் என்னை இழுக்கச் சொன்னார். தன்னையே நம்பாத ஒரு ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சில் மூச்சுக்கு மூச்சு வரும் 'ங்க' அவர் வாயில் அளவாகத்தான் வரும். "இல்ல சார்" என்பார், "வரேன்" என்பார். அதனாலேயே மரியாதை தெரியாத ஆள் என்று ஆரம்பத்தில் முடிவு கட்டிவிட்டோம். முதுகுக்குப் பின்னால் 'ஆத்தூரம்மா' என்று பெயர் வைத்தோம். இத்தனைக்கும் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கோழிப்பண்ணைகளின் மூடிய கொட்டகைகளில் வெப்பத்தை அளக்கும் கருவி மாட்டுவோம். உள்ளே சூடு ஏறினால், மின்விசிறி நின்றால், பண்ணைக்காரரின் ஃபோனுக்கு அழைப்பு போகும். எடுக்கும்வரை விடாமல் அடிக்கும். மூடிய கொட்டகையில் காற்று நின்றுவிட்டால் கோழிக்கு அதிக நேரம் கிடையாது. அந்த அழைப்பை அனுப்புகிற சர்வர் கணினிகள் எங்கோ தூரத்தில், இணையத்தின் மறுமுனையில், வாடகைக்கு எடுத்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அமைத்தவன் நான். எந்தச் சர்வர் எங்கே, வெளியிலிருந்து அதற்குள் நுழைய எந்தக் கதவு திறந்திருக்கிறது, எதற்கு என்ன பாஸ்வேர்டு, எல்லாம் என் தலைக்குள் இருந்தன. முதலாளி பத்துப் பேரிடம் என்னைக் காட்டி, "இந்தத் தம்பி இல்லீனா நம்ம கடையச் சாத்திப்போட்டுப் போக வேண்டியதுதானுங்க" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒரு தடவை காய்ச்சல் வந்து நான் எருமப்பட்டியில் வீட்டோடு கிடந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு சர்வர் படுத்துக்கொண்டது. முதலாளி காரை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கே வந்து பாஸ்வேர்டு கேட்டார். காய்ச்சலில் நான் ஏதோ உளறினேன். அடுத்த மாதமே ஆத்தூரம்மா வந்து சேர்ந்தார். என்னைக் கழற்றிவிடத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை.

முதல் நாள் எங்களையெல்லாம் உட்கார வைத்து, கொண்டு வந்திருந்த தானியங்கி ஏற்பாட்டை விளக்கினார். எங்களை என்றால், முதலாளி, அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, பண்ணைகளில் கருவி மாட்டும் அண்ணன், நான்.

"இனிமே சர்வரை யாரும் கையால கட்டக் கூடாது. என்ன வேணுமோ அதை ஒரு கோப்புல எழுதணும். எத்தனை சர்வர், எந்தக் கதவு திறந்திருக்கணும், யார் உள்ள வரலாம், எல்லாமே. எழுதினதைப் பார்த்து அதுவே கட்டிக்கும்."

முதலாளி நகர்ந்து உட்கார்ந்தார். கிணறு தோண்டும் ரிக் லாரி ஓட்டி முன்னுக்கு வந்தவர் அவர். "அதுவேன்னா ஆருங்க அம்மிணி?"

"மென்பொருள்தான் சார்."

"அது தப்பாக் கட்டிப்போட்டா?"

"கட்டும் சார். அதுக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாது, எழுதினதுதான் தெரியும். அதனால கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் கொடுக்கும். இது புதுசா வரும், இது மாறும், இது அழியும்னு. அதை ஒருத்தர் வாய்விட்டு வாசிக்கணும், இன்னொருத்தர் கேக்கணும். அப்புறம்தான் பொத்தானைத் தொடணும்."

பட்டியல் கொடுப்பது அந்த மென்பொருளின் வேலை. வாய்விட்டு வாசிப்பது அதில் கிடையாது, அது இந்த அம்மா சேர்த்த சடங்கு. உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்வதாக நான் கேள்விப்பட்டதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். தூங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நாற்பது வரிப் பட்டியல். 'மாறும், மாறும், மாறும்' என்று ஓட்டமாக வாசித்து முடித்து, கை பொத்தானுக்குப் போய்விட்டது.

"நில்லுங்க. கடைசிக்கு முந்தின வரி என்ன?"

பார்த்தேன். 'அழியும்' என்று இருந்தது. அதைத்தான் மற்ற வரிகளோடு அதே ராகத்தில் வாசித்திருக்கிறேன். எல்லாக் கொட்டகைகளின் ஒரு வருட வெப்பக் கணக்கும் இருந்த சேமிப்பிடம் அது. கோப்பில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன், அவ்வளவுதான். எனக்கு அது பெயர் மாற்றம். அந்த மென்பொருளுக்கோ, பழையது வேண்டாம் என்று அர்த்தம். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "என் கையாலயும் இப்படி ஒண்ணு போயிருக்கு" என்றார். எங்கே, எப்போது, எவ்வளவு போனது என்று கேட்டேன். டம்ளர் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

முகர்ந்து பார்ப்பதும் அவர் வழக்கம். காலையில் தானே கட்டிய தயிர்சாதத்தை மத்தியானம் திறந்ததும் முதலில் மூக்கு போகும். பேருந்து ஏறினால் கண்டக்டரிடம் ஒரு தடவை ஊர் கேட்பார், பக்கத்துச் சீட்டில் ஒரு தடவை கேட்பார். "பலகைல போட்டிருக்குதுங்களே" என்று ஒருமுறை நான் எரிந்து விழுந்தேன். "பலகை மாட்டினவர் மனுஷன்தானே சார்" என்றார். பேச்சு முற்றினால் அவர் சொல்கிற கடைசி வார்த்தை ஒன்று உண்டு: "நம்பறதுல பாதி சோம்பேறித்தனம்."

தினமும் காலையில் அந்த ஏற்பாடு இன்னொரு காரியம் செய்யும். கோப்பில் எழுதியிருப்பதையும் அங்கே உண்மையில் இருப்பதையும் ஒத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் எடுத்துக் காட்டும். எழுதாமல் யாராவது எதையாவது திறந்தாலோ மாற்றினாலோ அதில் வந்துவிடும். ஆத்தூரம்மா அதை அச்செடுத்து, பேப்பர் படிக்கிற மாதிரி படிப்பார். அப்புறம் தலையைத் தூக்கி, "இது யாரு?" என்பார். எங்களில் யாராவது ஒருவர் நெளிவார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பெட்டகம் வந்தபோதுதான் என் பிடி முழுதாகப் போனது. என் தலைக்குள் இருந்த பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றி, பெட்டகம் என்கிற ஒரு மென்பொருளுக்குள் போட்டுப் பூட்டினார். சர்வர்களுக்கு மணிக்கு ஒருமுறை அதுவே புதுப் பாஸ்வேர்டு தரும். மனிதர் யாருக்கும் எதுவும் தெரியாது. அதையும் தூரத்துச் சர்வரில் வைக்கலாம் என்று அவர் சொன்னதற்கு முதலாளி ஒப்பவில்லை. "சாவிக்கொத்தக் கொண்டுபோயி அடுத்தவன் ஊட்டுல வெப்பாங்களா? நம்ம கண்ணு முன்னாடி கெடக்கோணும்" என்றார். அதனால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வாங்கி, அலுவலக மூலையில் வைத்து, அதில் பெட்டகத்தை ஓட்டினோம்.

அந்தப் பெட்டி நின்று மறுபடி ஓடினால், பெட்டகம் தானாகத் திறக்காது. அதற்கு ஐந்து திறவுத்துண்டுகள். அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணுமாக ஒவ்வொன்றும் நீளமாக இருக்கும். ஐந்தில் எந்த மூன்றைச் சேர்த்தாலும் திறக்கும், இரண்டு போதாது. நாங்கள் நாலு பேர், அவர், ஆக ஐந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டு, அவரவர் கையாலேயே அட்டையில் எழுத வைத்தார். ஃபோட்டோ எடுக்கக் கூடாது. ஒருவருடையதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. ஐந்தும் ஒரே இடத்தில் ஒரு நாளும் இருக்கக் கூடாது.

"ஆறாவது ஒண்ணு அந்தம்மா தனியா வெச்சிருக்குமோ தம்பி?" என்று முதலாளி என் காதோரம் கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்தக் கோடையில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். அழைப்பு அனுப்பும் சர்வரில், என் மடிக்கணினியிலிருந்து மட்டும் நேராக நுழைய ஒரு கதவைத் திறந்து வைத்தேன். பெட்டகத்தைக் கேட்காமலே அழைப்புகளை ஓட்டுவதற்கு ஒரு பழைய பாஸ்வேர்டையும் அதற்குள் ஒளித்தேன். கோப்பில் எழுதவில்லை. அவர் ஒரு நாள் எல்லோரையும் வெளியே தள்ளிப் பூட்டிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை ஆத்தூரம்மா அந்த வித்தியாசத் தாளைப் படிப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தார். தலையைத் தூக்கினார். என் பக்கம் பார்த்த மாதிரியும் இருந்தது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த மாதிரியும் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் தாளில் 'வித்தியாசம் இல்லை' என்று வந்தது. இவ்வளவுதானா இதன் சாமர்த்தியம் என்று எனக்குள் ஒரு இளக்காரம் வந்துவிட்டது.

அதோடு விட்டேனா? நானே ஒரு கதவு வைத்திருக்கும்போது அவர் வைக்காமல் இருப்பாரா? அவர் இல்லாத நேரம் கோப்புகளைத் திறந்து, அவர் பெயர் எங்காவது வருகிறதா என்று தேடினேன். அவர் பெயரை மட்டும்தான் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதே என் சந்தேகத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. ஆத்தூரம்மா முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் லாரி, ரிக், தறி, எதுவும் அன்றைக்கு ஓடக் கூடாது. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியாக வேண்டும். முதலாளி காலையிலேயே வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கணினிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார். மூலையில் கறுப்புப் பெட்டி பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடற மிஷினுக்கு ஆராச்சும் பூசை போடுவாங்களா?" என்று சொல்லி, அவரே குனிந்து சுவிட்சை அணைத்தார். நான் பொரிகடலை பிரித்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன், தடுக்கவில்லை. அரைமணி நேரம்தானே என்று நினைத்தேன்.

அணைத்ததுகூடப் பெரிதில்லை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்த தாம்பாளத்தைச் சொல்ல வேண்டும். அவரவர் ஆயுதத்தை அதில் வைப்பது வழக்கம். அண்ணன் திருப்புளி வைத்தார். அக்கா பேனாவும் ரசீது புத்தகமும் வைத்தார். அதோடு நாலு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லாமலே, அவரவர் திறவுத்துண்டையும் பயபக்தியோடு கொண்டு வந்து வைத்திருந்தோம். வருடத்தில் ஒருநாள் அம்மனிடம் காட்டாமல் வைத்திருக்க முடியுமா? முதலாளி ஒவ்வொன்றின் மேலும் ஈரச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, தீர்த்தத்தையும் தாராளமாகத் தெளித்தார். எல்லாம் ஜெல் பேனாவில் எழுதியவை.

தீபாராதனை முடிந்து பெட்டியைப் போட்டோம். பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். நாங்கள் பொரி தின்று, பூசணிக்காய் உடைத்து, படியில் உட்கார்ந்து கதை பேசினோம். ஒரு மணிக்குச் சோதனை அழைப்பு என்று எல்லாப் பண்ணைகளுக்கும் தினமும் ஒன்று போகும். அது போகவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். பெட்டகம் பூட்டிக் கிடந்தது. சர்வர்களிடம் இருந்த பாஸ்வேர்டு காலாவதியாகி, அழைப்புகள் நின்று போயிருந்தன.

தாம்பாளத்துக்கு ஓடினோம். அண்ணனுடையது நீல நிறமாகக் கரைந்து கிடந்தது. என்னுடையதில் முதல் ஆறு எழுத்து தெரிந்தது. முதலாளியுடையதில் சந்தனம்தான் இருந்தது. அக்கா மட்டும் ரேஷன் கார்டு மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார், அது ஒன்று பிழைத்தது. ஆத்தூரம்மாவுடையதைச் சேர்த்தாலும் இரண்டுதான்.

அக்கா ஃபோன் போட்டு என்னிடம் நீட்டினார். நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனை துண்டு படிக்கிற மாதிரி இருக்கு?"

"ஒண்ணுதானுங்க."

"நான் பஸ் ஏறிடறேன். வர ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்." கூடவே ஒன்று கேட்டார்: "அதுவரைக்கும் உங்களால எதாவது செய்ய முடியுமா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. எதற்கு இப்படிக் கேட்கிறார்? "என்னத்தச் செய்யறது? எல்லாத்தையும்தான் பூட்டிப்போட்டீங்களே" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நிமிடம் எங்கள் எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க, மத்தியான ஃபோனு வரலீங்களே? கரண்டு போயிப் போயி வருது. வேலையாளுக எல்லாம் பூசைக்கு ஊருக்குப் போயிட்டாங்க. நானும் கோயில்ல இருக்கறனுங்க. உங்க ஃபோன நம்பித்தான் ஊட்டோட கெளம்பி வந்தேன்."

இதோ சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். நுழைந்தால் நான் செய்த திருட்டு வெளியே வரும். நுழையாவிட்டால் அந்தக் கொட்டகையில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நானும் கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளைதான். நுழைந்தேன். பழைய பாஸ்வேர்டைப் போட்டு அழைப்புகளை ஓடவிட்டேன். ஓடியதும் முதல் அழைப்பே அந்தப் பண்ணைக்குத்தான் போனது. விசிறி நின்று, சூடு ஏற ஆரம்பித்திருந்தது. கோயிலிலிருந்து அவர் வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டதாக அப்புறம் தகவல் வந்தது.

கீழே இறங்கி, "திரும்ப ஓட விட்டேனுங்ணா, சரியாயிருச்சு" என்று மட்டும் சொன்னேன். முதலாளி என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தியா! கை வேலக்காரன் கை வேலக்காரன்தான். அந்தம்மா போட்ட பூட்டுனாலதான் இத்தன கூத்து. நீ கையால ஓட்டுன காலத்துல இப்பிடி ஒரு நா ஆச்சா? வரட்டும், இன்னியோட கணக்க முடிச்சு அனுப்பிப்போடறேன்."

சுவிட்சை அணைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. எப்படி ஓடியது என்றும் சொல்லவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று இத்தனை மாதம் நினைத்தேனோ, அது தானாக நடக்கப்போகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு ஆத்தூரம்மா வந்தார். தலையில் காய்ந்த பூ, கையில் மஞ்சள் பை. தாம்பாளத்தைப் பார்த்தார், கறுப்புப் பெட்டியின் மேல் இருந்த பொட்டைப் பார்த்தார். முதலாளி வாயைத் திறக்கும் முன்னால், "முதல்ல வேலை சார். பெட்டகம் இனி திறக்காது. புதுசா கட்டணும். பட்டியல் வந்திடுச்சு" என்று என் பக்கம் திரையைத் திருப்பினார். "வாசிங்க."

எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவதால், அன்றைக்கு மாறாததும் சேர்த்து மொத்தப் பட்டியலும் வந்தது. முதலாளி, அக்கா, அண்ணன் எல்லோரும் சுற்றி நின்றார்கள். வாசித்தேன். பாதியைத் தாண்டியதும் ஒரு வரியில் நிறுத்திவிட்டேன்.

"என்ன சார்? வாசிங்க."

"அவசரக் கதவு. அழைப்புச் சர்வர். இருக்கிறது, மாற்றம் இல்லை. பொறுப்பு..." அதற்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. எழுதிய தேதியும் இருந்தது. நான் கதவைத் திறந்ததற்கு மறுநாள்.

"அதென்ன கதவு?" என்றார் முதலாளி.

ஆத்தூரம்மா கண்ணைத் திறக்காமலே, "அவர் பேருல இருக்கிற கதவு சார். இன்னைக்கு அது வழியாதான் அழைப்பெல்லாம் போச்சு. எழுதியிருக்கு பாருங்க" என்றார்.

அவ்வளவோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எழுதுனது அவங்கதானுங்ணா. நான் எழுதாம, ஆருக்கும் சொல்லாம, திருட்டுத்தனமா தொறந்து வெச்சிருந்தனுங்க. அவங்க மேல தப்பு இல்லீங்க. பெட்டிய அமத்துனது நாம" என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அப்புறம் தன் கையில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார். யாரையும் அனுப்புகிற பேச்சு அதன் பிறகு வரவில்லை. ஆனால் அன்று முதல் எங்கள் இரண்டு பேரையும் அவர் ஒரே மாதிரி சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார். அலுவலக அக்கா மெதுவாக, "எனக்கு அப்பவே தெரியுமுங்க. ஒரு நா அவங்க வாசிச்சாங்க, நான்தான் கேட்டேன். என்னமோ கதவுன்னாங்க, உங்க பேரு வந்துச்சு, நம்ம பையன்தானேன்னு சரின்னு போட்டேன்" என்றார். பட்டியலை வாசிக்கவும் கேட்கவும் ஆள் வேண்டும் என்கிற விதியை அந்த அம்மா அதிலும் மீறவில்லை.

அந்தி சாய்வதற்குள் பெட்டகம் புதிதாக எழுந்துவிட்டது. நான் கையால் செய்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். டீக்கடையில் வைத்துக் கேட்டேன்.

"அன்னிக்கே தெரிஞ்சும் ஏனுங்க மூடல?"

"மூடினா நீங்க வேற இடத்துல ஒண்ணு திறப்பீங்க. அது எனக்குத் தெரியாது. இது தெரியும்."

"அப்ப என்னைய நம்பித்தான் விட்டு வெச்சீங்களா?"

அவர் டீயை முகர்ந்து பார்த்தார். "நம்பறதா? அந்தக் கதவுல மணி கட்டியிருந்தேன் சார். யார் திறந்தாலும் என் ஃபோன்ல அடிக்கும். இன்னைக்கு ராசிபுரம் வர்றதுக்கு முன்னாடியே அடிச்சிடுச்சு. அப்புறம்தான் பஸ்ல கொஞ்சம் கண்ணசந்தேன்."

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் வாழ்நாளில் வேறு யாரும் என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை என்று சில நாள் தோன்றும். இத்தனை மாதம் என்னைக் காவல் காத்திருக்கிறாரே என்று சில நாள் கோபம் வரும்.

அடுத்த வருடம் அவர் வேறு வேலைக்குப் போனார். கடைசி நாள் தன் பெயரை எங்கெங்கே எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு, என்னை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுக்க வைத்தார். எல்லாவற்றையும் எடுத்தேன். "அந்த மணிக்கு என் நம்பர் இருக்கு பாருங்க, அதையும்" என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். ஆச்சரியமாக, அன்றைக்கு மட்டும் அவர் சரிபார்க்கவில்லை. வெளியே வந்து கேட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, என்னை இழுக்கச் சொன்னார். இழுத்தேன்.

இப்போது அவர் இடத்தில் நான் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன், அவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அவசரக் கதவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, போன மாதம் அதைத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அந்த அம்மாவின் நம்பரிலிருந்து ஃபோனில் செய்தி வந்தது.

"யாரு?"

"நான்தானுங்க" என்று அனுப்பினேன்.

"நான்தான்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. ஃபோன் போடுங்க, குரலைக் கேக்கணும்."